கிளைவிட்ட தூண்கள்ளி: யாழ்ப்பாணத்து வீட்டு ஹோலுக்கு வாங்கலாமா?

யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளின் ஹோலில், கதிரைத்தொகுதிக்குப் பக்கத்தில் கிளைவிட்ட தூண்கள்ளி ஒன்றை நிறுத்திவைப்பது இப்போது பரவலாகி வருகிறது. வேலியோரத்தில் ஆடுமாட்டுக்கு அரணாக நின்ற கள்ளியை வீட்டுக்குள் கூட்டிவருவது முந்தைய தலைமுறைக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனாலும் வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நேராக எழுந்து, இடுப்பளவில் இரண்டு மூன்று கிளைகளை மேல்நோக்கி வளைத்து நிற்கும் அந்த உருவத்துக்கு ஓர் எடுப்பு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. யாழ்ப்பாணத்தை அடுத்த திருநெல்வேலிப் பக்கத்துப் பூங்கன்று விற்பனை நிலையம் ஒன்றில் சாடியோடு 7,500 ரூபாய்க்கு வாங்கிய நான்கடிக் கள்ளி ஒன்று, மாரியையும் சோளகம் என்னும் கோடைக் காற்றையும் கண்டு இப்போது எங்கள் வீட்டில் நிற்கிறது. அதை வைத்து என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கன்று கொடுத்த காசுக்குத் தகும், அதை நட்டுக்கொடுத்த சாடியும் மண்ணும் தகா, விற்றவர் சொன்ன பராமரிப்பு முறையில் பாதியை அந்த வாசலிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

முதலில், எதை வாங்குகிறோம் என்பது. இங்குள்ள கடைகளில் "கக்டஸ்" என்ற ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு வகைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று செரியஸ் போன்ற உண்மையான கள்ளி. இக்குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். மரங்களில் தொற்றித் தொங்கும் ரிப்சாலிஸ் என்ற ஒரு சிறு செடி மட்டும் ஆபிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் இயல்பாக வளர்கிறது. மற்றது இயூபோர்பியா, இது ஆமணக்கும் மரவள்ளியும் சேர்ந்த குடும்பம். கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் மூன்று பட்டை கொண்ட இயூபோர்பியா டிரைகோனாவும், ஆபிரிக்காவில் பெருமரமாக வளரும் இயூபோர்பியா இன்ஜென்ஸும், எங்கள் ஊர்ப் பற்றைகளில் தானாக நிற்கும் சதுரக்கள்ளியும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை.

இரண்டையும் பிரித்தறிய அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. கண்ணைக் கிட்டக் கொண்டுபோனால் போதும். செரியஸின் விளிம்பு நெடுகிலும், விரல் நுனி அளவு இடைவெளிக்கு ஒன்றாக, பழுப்பு நிறப் பஞ்சுப் பொட்டுகள் இருக்கும். அந்தப் பஞ்சுக்குள் இருந்துதான் முட்கள் கொத்தாகப் புறப்படும். இயூபோர்பியாவில் பஞ்சு இராது; முட்கள் பெரும்பாலும் இரட்டை இரட்டையாக, விளிம்பில் நேரடியாக ஒட்டி நிற்கும்; நுனிப்பகுதியில் சிறிய இலைகளும் இருக்கக்கூடும். இவ்வளவும் பார்த்த பின்னும் ஐயம் இருந்தால், பழைய முள்ளொன்றின் அடியை நகத்தால் மெல்லக் கீறச் சொல்லலாம். வெள்ளைப் பால் வந்தால் அது இயூபோர்பியா.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் அந்தப் பால்தான். தோலில் பட்டால் எரிவும் கொப்புளமும், கண்ணில் பட்டால் கடுமையான அழற்சியும் தற்காலிகப் பார்வைக் குறைவும் ஏற்படலாம். கண்ணைத் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டிய விடயம் அது. தவழும் பிள்ளையும் ஓடித்திரியும் நாய்க்குட்டியும் உள்ள வீட்டில் முள்ளைவிடப் பாலே பெரிய இடைஞ்சல். கடையில் நின்ற பையனிடம், "தம்பி, உது பால் வடியிற சாதியோ, வடியாததோ?" என்று கேட்டபோது, "எல்லாம் கக்டஸ்தான் ஐயா" என்று பதில் வந்தது. பெயர்ச்சீட்டுக்கூட இல்லாமல் விற்கப்படும் ஒரு பொருளுக்கு இது போதாத பதில். கடையின் மீது எனக்குள்ள முதற் குறையும் இதுவே.

இரண்டாவது குறை வெளிச்சம் பற்றியது. "உது வீட்டுக்குள்ள வைக்கிற சாமான்தான் ஐயா. வெயிலே தேவையில்லை, கிழமைக்கு ஒருக்காத் தண்ணி விட்டால் காணும்" என்றார் முதலாளி. அந்த வசனத்தில் சரியான சொல் ஒன்றும் இல்லை. திறந்தவெளியில் நண்பகல் வெயிலின் ஒளிச்செறிவு ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். யன்னலில் இருந்து எட்டுப் பத்தடி உள்ளே தள்ளிய ஹோல் மூலையில் அது பெரும்பாலும் சில நூறு லக்ஸுக்கு இறங்கிவிடும். எங்கள் கண் இரண்டு வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறை வெளிச்சமாகத்தான் தோன்றும். கள்ளிக்கு அது இருட்டு. இருட்டில் அது உடனே சாவதில்லை, அதுதான் விற்பவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. தன் உடம்பில் சேர்த்துவைத்த நீரையும் மாச்சத்தையும் கொண்டு பல மாதங்கள் அப்படியே நிற்கும். பிறகு வெளிச்சத்தைத் தேடி நுனியில் வெளிறிய, மெலிந்த, முள் வலுவற்ற ஒரு தளிரை நீட்டும். மணிக்கட்டுப் பருமனான தண்டின் மேல் பெருவிரல் பருமனில் ஒரு நுனி ஏறியிருந்தால், அந்தக் கழுத்து பின்னர் எவ்வளவு வெயிலில் வைத்தாலும் பருக்காது. அழகுக்காக வாங்கிய உருவம் அங்கேயே கெட்டுவிடுகிறது. பிற்காலத்தில் மேற்பாரம் தாங்காமல் முறிவதும் அந்த இடத்தில்தான்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் "தெற்கு யன்னலில் வையுங்கள்" என்று ஒருமுகமாகச் சொல்கின்றன. அது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் சரி. யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 9 பாகை 40 கலை வட அகலக்கோட்டில் கிடக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் சூரியன் நண்பகலில் எங்கள் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது சற்று வடக்கே சாய்ந்து செல்கிறது. அந்தக் காலத்தில் தெற்கு யன்னலுக்கு நேர்வெயில் கிடைப்பதே இல்லை; வடக்கு யன்னலுக்கும் சிறிதளவே. மார்கழியில் சூரியன் உச்சியில் இருந்து ஏறக்குறைய 33 பாகை தெற்கே இறங்குவதால் தெற்கு யன்னல் பயன் தரும். ஆனால் அது மாரி மப்பும் மந்தாரமுமாக இருக்கும் காலம். உச்சி வெயிலை எங்கள் வீடுகளின் அகன்ற இறவாரமும் விறாந்தையும் எப்படியும் மறித்துவிடுகின்றன, மறிப்பதற்காகத்தானே கட்டினார்கள்! ஆகவே ஆண்டு முழுவதும் நம்பத்தக்கவை கிழக்கு யன்னலும் மேற்கு யன்னலுமே. காலை வெயில் இரண்டு மூன்று மணித்தியாலம் தண்டில் நேராகப் படக்கூடிய கிழக்கு யன்னலோரம் முதல் தெரிவு. பிற்பகல் வெயில் விழும் மேற்கு யன்னல் இரண்டாவது. கண்ணாடியில் இருந்து இரண்டடிக்குள் சாடி நிற்க வேண்டும். கம்பிவலையும் தடித்த திரைச்சீலையும் ஒளியில் கணிசமான பங்கைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பழைய நாற்சார் வீடு வைத்திருப்பவர்கள் இந்த விடயத்தில் கொடுத்துவைத்தவர்கள். வானம் தெரியும் நடுமுற்றத்தின் ஓரத்து விறாந்தையில், தூணுக்குப் பக்கத்தில், மழைச்சாரல் எட்டாத தூரத்தில் வைக்கும் கள்ளி எந்த ஹோலிலும் காணாத செழிப்போடு வளரும். தூணும் கள்ளியும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டி நிற்கும் அந்தக் காட்சிக்காகவே புதுவீட்டுக்காரர்கள் பொறாமைப்படலாம்.

நல்ல யன்னல் கிடைத்தவுடனே கன்றைத் தூக்கிக் கடும் வெயிலில் வைப்பதும் கூடாது. கடைகளில் இவை கறுப்பு நிழல்வலையின் கீழ் நின்று பழகியவை. சடுதியாக மேற்கு வெயிலில் வைத்தால் வெயில் பட்ட பக்கம் வெளிறி, பிறகு தக்கை போலக் காய்ந்து தழும்பாகிவிடும். அந்தத் தழும்பும் மாறாது. சில கிழமைகளில் சிறிது சிறிதாக நகர்த்தி, இடையிடையே சாடியைக் கால்வட்டம் திருப்பிக் கொடுத்தால் ஒரு பக்கம் சாயாமல் நேராக வளரும். வேறு வழியே இல்லாத இருண்ட ஹோலுக்கு, தண்டுக்கு ஒன்றரையடி தூரத்தில் வலுவான வெள்ளை எல்இடி விளக்கொன்றை நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் எரியவிடலாம். ஆனால் இன்றைய மின்கட்டணத்தில் ஒரு கள்ளிக்காக அதைச் செய்வது எனக்கு உடன்பாடில்லை. அந்த மூலைக்கு வேறு செடி தேடலாம்.

கடையில் சொல்லப்படும் இன்னொரு கதை, கள்ளி இரவில் ஒட்சிசன் தருகிறது, படுக்கையறைக்கு நல்லது என்பது. கள்ளிகள் நீரிழப்பைத் தவிர்க்கத் தம் இலைவாய்களை, அதாவது தோலிலுள்ள நுண்துளைகளை, இரவில் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளெடுத்துச் சேமிக்கின்றன என்பது உண்மை. ஆனால் ஒட்சிசன் உண்டாவதற்கு ஒளி வேண்டும், ஆகவே அது பகலில்தான் நடக்கும். இரவில் கள்ளிக்குப் பக்கத்தில் படுப்பவருக்குக் கிடைக்கக்கூடியது முள்தான்.

சாடிக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்தது பளபளக்கும் வெள்ளைப் பீங்கான் சாடி. அடியில் துளை இல்லை. மேற்பரப்பில் வெள்ளைக் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒரே தகடாக ஒட்டியிருந்தார்கள். பார்வைக்கு நன்று, ஆனால் உள்ளே ஈரம் இருக்கிறதா என்று விரல்விட்டுப் பார்க்க வழியில்லை, விட்ட தண்ணீர் வெளியேறவும் வழியில்லை. கல்தகட்டைப் பெயர்த்தெடுத்தபோது உள்ளே இருந்தது தனித் தும்புச்சோறு, அதாவது தேங்காய்த் தும்பின் தூள். தும்புச்சோறு கடைக்காரருக்கு நல்லது: பாரமில்லை, மலிவு, நாற்றுக்கு உகந்தது. தூண்கள்ளிக்கு அதுவே எமன். ஒருமுறை ஊறினால் நாட்கணக்கில் ஈரம் பிடித்து வேரை அழுகவைக்கும், முற்றாகக் காய்ந்தால் பிறகு தண்ணீரை உள்ளே விடாது. போதாக்குறைக்கு, நான்கடி உயரத்துக்கு நீர் நிறைந்து நிற்கும் ஒரு தண்டை அந்த இலேசான கலவை தாங்காது. கதவு அடிபடும் அதிர்விலேயே ஆடிக்கொண்டிருந்தது.

மாற்றீடு உள்ளூரிலேயே இருக்கிறது. துளையுள்ள பாரமான மண்சாடி, வேர்க்கட்டியைவிட இரண்டு விரல் மட்டுமே அகலமானது. பெரிய சாடி என்றால் பெரிய வளர்ச்சி என்பது கள்ளியின் விடயத்தில் பொருந்தாது. வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். கலவையில் பாதிக்கு மேல் கடலை அளவுக்கு உடைத்த செங்கல் அல்லது ஓட்டுத் துண்டும் பரும்படியான ஆற்றுமணலும், மீதி எங்கள் செம்மண்ணும் நன்றாக மக்கிய மாட்டெருவும். செம்மண்ணை மட்டும் சாடியில் அடைத்தால் இறுகிக் கல்லாகிவிடும். கடற்கரை மணல் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைச் சேர்க்க வேண்டாம். உப்பும் சிப்பித் தூளும் கலந்தது, நுண்ணிய மணலாதலால் அடைந்தும் போகும். சல்லிக்கல் போடுவதானால் கருங்கற் சல்லியாகக் கேட்டு வாங்க வேண்டும். இங்கே வெட்டும் கல் சுண்ணாம்புக்கல் என்பதால் அது மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும்.

அதே சுண்ணாம்புதான் எங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் இருக்கிறது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு எதுவோ அதுவே மண்சாடியின் வெளிப்புறத்திலும் தண்டின் அடியிலும் சாம்பல் பூசியது போலப் படிகிறது. உடனடிக் கேடு எதுவும் இல்லை. ஆனால் காலப்போக்கில் மண் காரமாகி, செடி இரும்புச்சத்தை எடுக்க இயலாமல் புதுவளர்ச்சி மஞ்சளிக்கும். மாரியில் கூரைத் தண்ணீரைப் பரலில் பிடித்துவைப்பது சிறந்த வழி. இயலாதவர்கள் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிந்த மேல்நீரை ஊற்றலாம், கொதிக்கும்போது சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் தங்கிவிடும். எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை என்ற கேள்விக்குக் கிழமைக்கணக்கு விடை அல்ல. காய்ந்த ஈர்க்கொன்றைச் சாடியின் அடிவரை செலுத்தி, சிறிது நேரம் விட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் வேண்டாம். வெறுமனே வந்தால் அடித்துளையால் வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். சோளகம் வீசும் கோடையில் இது அடிக்கடி நேரும். ஐப்பசி முதல் மார்கழி வரை, ஆண்டு மழையின் பெரும்பகுதி கொட்டித் தீர்த்து வீட்டுச் சுவரே வியர்க்கும் காலத்தில், ஏறத்தாழ நிறுத்திவிடலாம். தண்ணீர் போதாதபோது தண்டின் விலாக்கள் ஒட்டி மடிப்பு ஆழமாகும். ஊற்றிய சில நாட்களில் மடிப்பு விரிந்து தண்டு திரளும். அதைக் கிட்ட இருந்து பார்த்துப் பழகியவருக்கு ஈர்க்கும் தேவைப்படாது. மாறாக, அடித்தண்டு மென்மையாகி நிறம் கறுத்தால் அது அழுகல். அதற்குத் தண்ணீரை நிறுத்துவது மட்டும் மருந்தாகாது, நல்ல பகுதிவரை மேலே வெட்டியெடுத்துப் புதிதாக வேர்விடச் செய்ய வேண்டும்.

கிளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. திரைப்படங்களில் பாலைவனத்தோடு வரும் கைவிரித்த பெருங்கள்ளி சகுவாரோ. அது வட அமெரிக்காவின் சொனோரன் பாலைக்கு உரியது, முதற் கிளை விடவே அரை நூற்றாண்டுக்கு மேல் எடுப்பது. அந்த உருவத்தை வீட்டில் பெற செரியஸே குறுக்குவழி. கடையில் கிளையில்லாத ஒற்றைத்தண்டு இதன் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. பொறுமையுள்ளவர்கள் அதை வாங்கலாம் என்பதே என் கருத்து. கோடைக்காலத்தில் கூரிய சுத்தமான கத்தியால் நுனியை ஒரே வெட்டாக வெட்டி, வெட்டுவாயில் கறுவாத்தூளோ கந்தகத்தூளோ தூவிவிட்டால், சில மாதங்களில் வெட்டுக்குக் கீழுள்ள பஞ்சுப்பொட்டுகளில் இருந்து இரண்டு மூன்று கிளைகள் புறப்படும். வெட்டிய நுனியை நிழலில் இரண்டு கிழமையளவு காயவைத்து நட்டால் அது இன்னொரு கன்று. செடி முன்னரே நல்ல வெளிச்சத்தில் நிற்க வேண்டும். இருட்டில் வெட்டினால் வருவது விரற்கடைப் பருமனான வெளிறிய குச்சிகள்தான். இயூபோர்பியாவையும் இப்படி வெட்டலாம், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பால் நிற்கும்வரை தண்ணீரில் கழுவிக்கொண்டு.

பூச்சிகளில் மாப்பூச்சியே பெரிய தொல்லை. கிளை பிரியும் கவட்டில் வெள்ளைப் பஞ்சாக ஒளிந்திருக்கும். பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்துத் துடைத்தால் அடங்கும். இதன் தூரத்து உறவான கொச்சினீல் பூச்சியைத்தான் 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் இருந்து இலங்கைக்குக் கொண்டுவந்து, காடாய்ப் பரவிய நாகதாளியை அழிக்கப் பயன்படுத்தினார்கள் என்பது ஒரு சுவையான செய்தி; தோட்டத்தில் நாகதாளி வைத்திருப்பவர்கள் வீட்டுக்குள் இருக்கும் கள்ளியை அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது.

முள்மரம் வீட்டுக்குள் ஆகாது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் பெரியம்மாவும் கண்டவுடன், "உதை வெளியில வை பிள்ளை, குடும்பத்துக்குள்ள குத்துப்பாடு வரும்" என்றார். சாத்திரத்தை விட்டாலும் அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு: நடைபாதைக்கு ஓரமாக, பிள்ளையின் கண்மட்டத்தில் முள் நிற்கும்படி இதை வைக்கவே கூடாது. ஆட்கள் நடமாடும் வழியில் இருந்து குறைந்தது இரண்டடி தள்ளி, தாழ்ந்த மரப்பீடத்தில், பின்னால் வெறுஞ்சுவர் தெரிய வைத்தால் உருவமும் துலங்கும், யாருக்கும் இடைஞ்சலும் இராது. பின்னால் பூப்போட்ட திரைச்சீலையோ படங்கள் நிறைந்த சுவரோ இருந்தால் இதன் கோடுகள் முழுவதும் அதில் கரைந்துவிடும்.

கனடாவில் இருந்தும் சுவிசில் இருந்தும் வருகிற உறவினரிடம் அரிய கள்ளித் துண்டுகளைப் பெட்டிக்குள் போட்டுவரச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கள்ளிக் குடும்பம் மிகச் சில விலக்குகளோடு முழுவதுமே பன்னாட்டு உயிரின வணிக உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது; 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் அனுமதியில்லாமல் செடி கொண்டுவர முடியாது. செரியஸுக்காக அந்தச் சிக்கலில் விழத் தேவையில்லை, இங்கேயே தாராளமாகக் கிடைக்கிறது.

கடையைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். கன்று உண்மையில் ஆரோக்கியமானது. கிளைகளை ஒட்டுவேலை செய்யாமல் சொந்தத் தண்டில் வளர்த்திருந்தார்கள், வேர் வெள்ளையாகவும் உறுதியாகவும் இருந்தது. பழைய பத்திரிகைத் தாளும் சணல் சாக்கும் சுற்றி, முச்சக்கரவண்டியில் சாய்த்து ஏற்றி, வீடுவரை ஆள் அனுப்பி இறக்கித் தந்தார்கள். ஒரு முள் கூட முறியவில்லை. சாடி வேண்டாம், கன்று மட்டும் தாருங்கள் என்று கேட்டால் 2,000 ரூபாய் குறைக்கிறார்கள் என்பதைப் பிற்பாடு வாங்கிய அயலவர் சொன்னார். அப்படிக் கேட்டே வாங்குங்கள். அதே வரிசையில் சிவப்பு, மஞ்சள் தலையோடு நிற்கும் சிறு ஒட்டுக்கள்ளிகளையும், தண்டில் காகிதப் பூவைப் பசையால் ஒட்டி "பூத்தது" என்று விற்பவற்றையும் தொட வேண்டாம். முன்னவை பச்சையம் இல்லாத தலைகளாதலால் அடித்தண்டின் தயவில் சில ஆண்டுகளே இருக்கும், பின்னவற்றில் பசை இருந்த இடம் புண்ணாகும். செரியஸ், கிளைவிட்டது, மூன்றடிக்கு உட்பட்டது, பெயரை எழுதித் தரச் சொல்லி, சாடியில்லாமல்: இப்படிக் கேட்டால் 5,000 ரூபாய்க்குள் முடியும்.